கப்பல்காரி

தன் அம்மா விமானம் ஏறித்தான் கனடா வந்தார் என்று ஸ்டெபனி பன்னிரண்டு வயதுவரை நம்பியிருந்தாள். அந்தப் பொய்க்கு நானும் உடந்தை. அதனால் இதை எழுதும்போது எனக்கு முதல் கோபம் என்மேல்தான்.

ஸ்டெபனியின் அம்மா வேரோனிக்காவும் நானும் விமான நிலையத்துக்கு அருகில் ஒரு சமையற்கூடத்தில் பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிறோம். அவள் மன்னார்ப் பெண். 2010இல், இருபத்துநாலு வயதில், ஈழத்து அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் வந்தவள். மூன்று மாதம் ஒரு பாயின் அகலத்தில் படுத்துக் கிடந்து பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் இறங்கினாள். இறங்கியதும், அகதியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டாள். ஆறு மாதம் பூட்டி வைத்தார்கள்.

வெள்ளைக்காரன் பூட்டியதை விடுங்கள். நம்மவர் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவள் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், அஜின்கோர்ட்டில் எங்கள் மாதா கோயிலுக்கு வரும் அருள்நாயகம் அங்கிளின் வீட்டுக் கீழ்த்தளத்தை வாடகைக்குக் கேட்க நாங்கள் இருவரும் போனோம். எப்படி வந்தாய் என்று கேட்டார். அவள் உள்ளதைச் சொன்னாள்.

"கப்பல்காரருக்கு வீடு தரேலாது பிள்ளை. உங்களாலை எங்கடை பேரும் கெட்டுப்போச்சு" என்று கதவைச் சாத்தினார்.

இந்த மனிதர் எண்பத்தெட்டில் யாருடைய பாஸ்போட்டிலோ தன் படத்தை ஒட்டிக்கொண்டு வந்து இறங்கியவர். கோயிலில் அது தெரியாதவர் இல்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! அன்று நான் வாயே திறக்கவில்லை. படியிறங்கும்போது அவளுக்குப் புத்தி வேறு சொன்னேன்: "இனி ஆரும் கேட்டால் பிளேனிலை வந்தனான் எண்டு சொல்லும்."

அவள் அதையே சொன்னாள். வேலையிடத்தில் சொன்னாள், கோயிலில் சொன்னாள், கடைசியில் பெற்ற பிள்ளைக்கும் சொன்னாள்.

இந்தக் கிழமை ஸ்டெபனியின் வகுப்பை நகரத்தில் ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப் போனார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் வட ஐரோப்பாவின் வைக்கிங் மக்கள் கடலோரம் வைத்திருந்த வணிகப் பட்டினம் ஒன்றைத் தோண்டி எடுத்து, கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மறுநாள் பிள்ளைகள் தங்கள் குடும்பம் கனடா வந்த கதையைப் படமாகக் கீறிக் கொடுக்கவேண்டும். ஸ்டெபனி முதலே ஒரு விமானம் கீறி வைத்துவிட்டாள். வேரோனிக்கா லீவு எடுத்துப் பிள்ளைகளுக்குத் துணையாகப் போனாள். பேத்தி மெலிசாவும் அதே வகுப்பு என்பதால் அருள்நாயகமும் வந்திருந்தார். அங்கே நடந்ததை வேரோனிக்காதான் எனக்குச் சொன்னாள்.

தராசு, கண்ணாடி மணிகள், கொம்புச் சீப்பு. நடுவில் ஒரு படகு. மரம் உக்கிப்போய், இரும்பாணிகள் மட்டும் படகின் வடிவத்தில் மணலில் கிடந்தன.

"என்ன துணிச்சல் பாருங்கோ! கையிலை ஒண்டுமில்லாமல் கடல் கடந்து வந்து கடை போட்டிருக்கிறாங்கள்!" என்று அருள்நாயகம் வியந்தார்.

வழிகாட்டிப் பெண், இவர்கள் போன இடத்தில் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை, எவ்வளவு தைரியம் என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். அருள்நாயகமும் தட்டினார்.

அந்தக் கைதட்டலை வேரோனிக்காவால் பொறுக்க முடியவில்லை. தனக்கு வந்த இங்கிலீசில் உரக்கச் சொன்னாள்: "இவர்கள் கேட்கவில்லை, கைதட்டுகிறீர்கள். நான் கப்பலில் வந்து கேட்டேன். என்னைப் பூட்டி வைத்தீர்கள்."

ஸ்டெபனியின் முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, பிளேன் எண்டெல்லோ சொன்னனீங்கள்! நான் கீறிட்டன்!"

"பொய் சொன்னனான்."

"ஏன்?"

"உந்த அங்கிளைக் கேள். கப்பலிலை வந்தவைக்கு வீடில்லை எண்டு கதவைச் சாத்தினவர்."

"உதெல்லாம் ஏன் பிள்ளை, சின்னதுகளுக்கு முன்னாலை…" என்று அவர் இழுத்தார்.

ஸ்டெபனி விடவில்லை. "நீங்கள் எப்பிடி வந்தனீங்கள், அங்கிள்?"

"பிளேனிலைதான்."

"ஆருடைய பாஸ்போட்டிலை எண்டதையும் சொல்லுங்கோ" என்றாள் வேரோனிக்கா.

மெலிசா தாத்தாவை அண்ணாந்து பார்த்தாள். அவர் கழிப்பறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு நழுவினார்.

திரும்பி வரும்போது ஸ்டெபனி பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த விமானத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு கீறினாளாம்.

மறுநாள் தட்டு அடுக்கும்போது வேரோனிக்கா அதைப் போனில் காட்டினாள். வெறும் புள்ளிகளால் ஒரு கப்பல். ஆணிகள் மட்டும். கீழே, "அம்மா கப்பலில் வந்தார். வந்ததும் கேட்டார்" என்று எழுதியிருந்தது.

"பிளேன் எண்டு சொல்லச் சொன்னது ஆர் எண்டும் கேட்டவள்" என்றாள் வேரோனிக்கா.

"என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. நீரே வந்து சொல்லும்."

ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அந்தப் பிள்ளை என்னிடம் கேட்பதற்குமுன், சொல்லச் சொன்னது நான்தான் என்று நானே சொல்லவேண்டும்.