படத்தில் இருந்த புள்ளிகள்

பதினெட்டு வருடம் நான் கேமரா ரிப்பேர் பார்த்தவன். கேமரா செய்யும் ஒரு கம்பெனிக்கு ராஜபாளையத்தில் இருந்த சர்வீஸ் சென்டரில் வேலை. கல்யாணப் படம் எடுப்பவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு அவர்கள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்தினார்கள். என் மேஜைக்கு வாரத்தில் ஒரு கேமரா வந்தாலே பெரிது. கூட இருந்த இருவரை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது நான்தான். மதுரையிலிருந்து மேனேஜர் வருகிறார் என்று போன் வந்த அன்று காலை இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

அவர் என்னை நிறுத்தவில்லை. வேறு ஒன்று சொன்னார்.

“கம்பெனி இனிமே கேமராவ மட்டும் நம்பி இல்ல. கண்ணுக்குள்ள படம் எடுக்குற மெஷின் செய்ய ஆரம்பிச்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு. நம்ம ஏரியாவுக்கு நீங்கதான்.”

“எனக்கு ஆஸ்பத்திரி வேல தெரியாதே சார்.”

“அதுவும் கேமராதான். எதிர்ல மாப்பிள்ள பொண்ணுக்குப் பதிலா பேஷண்ட், அவ்வளவுதான்.”

அவருக்கு அவ்வளவுதான். சென்னையில் பத்து நாள் பயிற்சி முடித்துத் திரும்பியபோது எனக்குப் பயம் இரண்டு மடங்காகியிருந்தது. கேமராவில் தவறு நடந்தால் ஒரு கல்யாண ஆல்பம் கெட்டுப்போகும். இங்கே தவறு நடந்தால், நோய் இருக்கிறவரிடம் இல்லையென்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

முதல் மெஷினை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய கண் ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியிருந்தது. காரின் பின்சீட்டில் பெட்டியை வைத்து, இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்து, வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறக்கி மாட்டிவிட்டேன். தாடையை வைத்து, நெற்றியை முட்டுக்கொடுத்தால் போதும். மெஷின் தானே கண்ணைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்துவிடும். வேறு ஆள் இல்லாததால் நானே என் இடது கண்ணை வைத்தேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம். திரையில் ஆரஞ்சு நிறத்தில் என் கண்ணின் உள்புறம் வந்தது.

படமெங்கும் சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஓர் ஓரத்தில் மஞ்சளாகத் திட்டுகள்.

தூசி என்றுதான் நினைத்தேன். பதினெட்டு வருடமும் என்னிடம் வந்த பாதிக் கேமராக்களுக்கு அதுதான் வியாதி. லென்ஸைத் துடைத்து மறுபடி எடுத்தேன். புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் நிற்பதுதான் தூசியின் குணம். அப்படியானால் உள்ளே போயிருக்கிறது. வழியில் குலுங்கியதில் ஏதோ விலகியிருக்க வேண்டும். முதல் மெஷினையே கெடுத்துவிட்டேன், வேலை போயிற்று என்று எனக்கு வியர்த்துக்கொட்டியது.

அப்போது கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைய முதல் டோக்கன் அவருடையது.

“ஐயா, மெஷின் சரியா இருக்கான்னு பாக்கணும். செத்த நேரம் இதுல தாடையை வைக்கிறியளா?”

“வச்சாப் போச்சு. ஏலே, உனக்கு ஏன் கை இப்படி ஆடுது? துப்பாக்கியா பிடிச்சிருக்க?”

அவருடைய படம் விழுந்தது. ஒரு புள்ளி இல்லை. கிளைகிளையாகப் பிரியும் ரத்தக் குழாய்கள் மட்டும் துடைத்துவைத்தாற்போலத் தெரிந்தன.

எனக்கு ஒரு நிமிடம் நிம்மதி. மெஷின் கெடவில்லை. அப்படியானால் அந்தப் புள்ளிகள் என் கண்ணில்தான். மறுபடி என் கண்ணை வைத்தேன். புள்ளிகள் இருந்தன. வலது கண்ணை வைத்தேன். அதிலும் இருந்தன, கொஞ்சம் குறைவாக, வேறு இடங்களில்.

“எம்புட்டு நேரம்டா உன் கண்ணையே படம் எடுப்ப?” என்றார் பெரியவர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. படத்தை அழிக்கவும் கை வரவில்லை. பெயர் போடாமல் விட்டுவிட்டு, டாக்டரம்மா வந்ததும் எந்தப் பொத்தான் எதற்கென்று காட்டத் தொடங்கினேன். அவர் அன்று எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இது யாரு? பேரே போடல?”

நான் அடுத்த பொத்தானைக் காட்டப் போனேன்.

“இவர வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா? உடனே கூப்பிடணும். நடுப்பார்வை கிட்டயே கசிவு வந்திருக்கு.”

“நான்தான் டாக்டர்” என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை, இரக்கம்கூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“சர்க்கரை எத்தன வருஷமா?”

“எனக்குச் சர்க்கரை கிடையாதும்மா.”

“டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?”

எடுத்ததில்லை. அன்று எடுத்தார்கள். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு நர்ஸ் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். அதிலும் சர்க்கரை ஏறித்தான் இருந்தது; கண்ணைக் கெடுத்தது அதுதான்.

என் மனைவி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னங்க, மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு. வேலைய விட்டுத் தூக்கிட்டாகளா?”

“வேல இருக்கு. கண்ணுதான் போயிரும் போலட்டி. மதுரைக்குப் போகச் சொல்லியிருக்காக.”

அவள் அழவில்லை. பையைக் கீழே வைக்காமலே, “மதுரைக்கு எப்பப் போவணும்? நானும் வாரேன்” என்றாள்.

மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள். கண்ணுக்குள் ஊசி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து மூன்று நாள் நான் கண்ணை மூடவே பயந்தேன். மூடினால் ஊசி வந்தது. மேனேஜருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். எந்தக் கண் என்று கேட்டார். பிறகு, “படம் தெளிவா விழுந்திருக்கா? மத்த ஆஸ்பத்திரிக்குக் காட்ட நல்லா இருக்கும்” என்றார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றார். மூன்று வாரம் லீவும் வாங்கிக் கொடுத்தார்.

ஊசி நான் பயந்த அளவு இல்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள்; ஓர் அழுத்தம், அவ்வளவுதான். ஆனால் அதற்காகப் படுத்திருந்த கால்மணி நேரத்தை இன்றும் நினைக்கக் கூசுகிறது. விளக்கை மட்டும் பாருங்கள் என்றார்கள். இதுதான் நான் கடைசியாகப் பார்க்கும் வெளிச்சமோ என்று எண்ணிக்கொண்டு அதையே பார்த்துக் கிடந்தேன். மாதம் ஒன்றாக ஊசி மொத்தம் நான்கு போட்டார்கள். கசிவு நின்றது. போன பார்வையில் கொஞ்சம் திரும்பவில்லை. இடது கண்ணில் எழுத்தின் நடுப்பகுதி நெளிந்துதான் தெரியும். வலது கண் தப்பியது.

லீவு முடிந்ததுமே வேலைக்குத் திரும்பியிருந்தேன். சுந்தரபாண்டியம், வ. புதுப்பட்டி என்று கண் பரிசோதனை முகாம் நடக்கும் இடமெல்லாம் மெஷினோடு போகிறேன். இப்போது மெஷினை ஏற்றி இறக்கப் பயமில்லை. படம் திரையில் வர ஆகும் அந்த மூன்று நொடிதான் பயம். யாருடைய கண்ணாக இருந்தாலும் அந்த மூன்று நொடி எனக்கு மூச்சு ஓடாது.

கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் என் மனைவி மட்டும் ஒரு வருடம் தட்டிக்கழித்தாள். “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.” அவளுக்கும் பயம்தான் என்று தெரிந்ததால் நான் வற்புறுத்தவில்லை. போன மாதம் புதுப்பட்டி முகாமுக்குத் தானாக வந்து, வரிசையில் நின்று, தாடையை வைத்தாள். மெஷினின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. வெளிச்சம் அடித்தது. நான் திரையைப் பார்த்தேன்.

“என்னங்க, சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. நல்லாருக்கு.”

“நெசமாவா?”

திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எழுந்திரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் அடுத்தவரைக் கூப்பிடவில்லை.