கறுப்புக் கயிற்றின் அடியில்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் வேலை செய்யும் என் கொழுந்தன் ஒரு கலப்பினப் பசு வாங்கினான். அதைப் பார்த்துக்கொள்வது அவன் மனைவி, என் ஓரகத்தி. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். நான் பத்திரிகைக்குச் செய்தி எழுதுகிறவள். வீடு திரும்ப இருட்டிவிடும். பசு வந்த பிறகு, நான் போடும் பாக்கெட் பால் டீயை என் மகள் தொடுவதில்லை. டம்ளரோடு "சித்தி" என்று ஓடிவிடுவாள். பள்ளியில் நடந்ததையும் அங்கேதான் சொல்வாள். எனக்கு மிஞ்சுவது கையெழுத்துப் போடவேண்டிய தேர்வுத்தாள்.

காலையில் பால் கறக்கும்போது சுவரோரம் நின்று பார்ப்பேன். நுரை ததும்பும் பாத்திரத்தையும், பக்கத்தில் குந்தியிருக்கும் என் மகளையும். ஓரகத்தி அதைக் கவனித்திருக்க வேண்டும். பெரியபாளையம் கோயிலுக்குப் போய்வந்தவள், தடித்த கறுப்புக் கம்பளிக் கயிற்றை மாட்டின் கழுத்தில் கட்டினாள். திருஷ்டிக்கு. யாருடைய திருஷ்டி என்று நான் கேட்கவில்லை.

கோடையில் பசு தீவனத்தை ஒதுக்கியது. உடம்பு கொதித்தது. தோளுக்கு முன்னால் கட்டி வீங்கியது. பால் வற்றியது. ஓரகத்தி முதல் கயிற்றின் மேலேயே இன்னொன்று கட்டினாள்.

"நல்லா கறந்துக்கினு இருந்த மாடு. எவ கொள்ளிக்கண்ணு பட்டுச்சோ!" என்றாள், சுவர் தாண்டிக் கேட்கும்படி.

மகள் என்னிடம் வந்தாள். "நீ பாத்துக்கினே நிக்கிறதாலதான் மாடு சாவப் போவுதாம்மா?"

கால்நடை மருத்துவரை நானே அழைத்துவந்தேன். இரக்கம் காரணமில்லை. மாடு செத்தால் அந்தக் கேள்வி என் வீட்டை விட்டுப் போகாது.

அவர் கட்டியில் ஊசி குத்தி நீர் எடுத்துப் போனார். மறுநாள் வந்து, தைலேரியா என்றார்.

"வெள்ளை அணு உடம்புக்குப் போலீஸ் மாதிரி. இந்தக் கிருமி அந்த போலீசுக்குள்ளயே குடிபோயிடும். சாகடிக்காது, சாகவும் விடாது. அணுவைப் பெருக வைக்கும், அதோட தானும் பெருகும். அப்புறம் சிவப்பு அணுவுக்குள்ள பூந்துக்கும்."

"உள்ள எப்டி சார் வந்துச்சு?" என்றாள் ஓரகத்தி.

"உண்ணி கடிச்சு." கயிறுகளைக் கத்தரித்தார். மயிர் கொட்டிய தோலில், ஊறிய கடலைபோல உண்ணிகள் ஒட்டியிருந்தன. "தினமும் தேச்சுக் குளிப்பாட்டுறீங்க. இங்க மட்டும் கை போகலையா?"

"திருஷ்டிக் கயிறு சார். தொடக் கூடாதுன்னு உட்டுட்டேன்."

எனக்கு உள்ளூர இனித்தது. ஆனால் மருத்துவர் ஊசி போட்டுவிட்டு, பிழைக்குமா என்பதைச் சில நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார். மகள் பள்ளிக்குப் போகாமல் மாட்டுக்கொட்டகையிலேயே கிடந்தாள். கடைசியில் பசு புல்லை மோந்து, ஒரு வாய் தின்றது. அவள் கையிலிருந்து.

பால் திரும்பிய அன்று ஓரகத்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இனிமே கயிறு கட்ட மாட்டேன்க்கா. நீங்க தாராளமா பாத்துக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள், அவளும் என் மகளும். ஒரே மாதிரிச் சிரிப்பு.

"பாத்துக்கினுதானே கீறேன்" என்றேன். பசுவின் வெறுங்கழுத்தில், கயிறு இருந்த இடத்தில், என் மகள் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள்.