மாப்பிள்ளைத் தோழனுக்கு விழுந்த மாலை

அந்த ஆபீஸுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் ஒரே ஒருத்திக்குத்தான் அவள் அண்ணி. புருஷனின் தங்கை வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிட, அதைக் கேட்டுக் கேட்டு அச்சகத்துக்காரர், கூரியர்காரர், தலை முழுக்க நரைத்த மொத்த வியாபாரி வரைக்கும் "அண்ணி இருக்காங்களா?" என்றுதான் படியேறுவார்கள்.

அந்தத் தங்கைக்குப் பேர் மில்லி. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. இது பழகியவர்கள் வைத்தது. ஓர் எழுத்து பக்கத்து எழுத்தை விட்டு அரை மில்லிமீட்டர் விலகி நின்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவர்கள் வம்சமே அப்படி. அப்பா கடிகாரம் பழுது பார்த்தவர். அப்பாவின் அக்கா தையல்காரி. போட்ட தையலைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறவள். சித்தப்பா ஒருத்தர் பூட்டுக்குச் சாவி அராவியே காலத்தை ஓட்டினார். அண்ணியின் புருஷன் பஸ் ஓட்டுகிறார். அதையும் கோடு போட்ட மாதிரிதான் ஓட்டுவார். பின்னால் வருகிறவன் திட்டிக்கொண்டே வருவான்.

அண்ணியின் பக்கம் அப்படியே தலைகீழ். அவள் அம்மா சந்தையில் ஏலம் விட்டவள். தாய்மாமன் நாடகக் கொட்டகை வாசலில் நின்று ஆள் கூப்பிட்டவர். நாடகம் எப்படி இருந்தாலும் அவர் கூப்பிட்ட கூப்பாட்டுக்கே கூட்டம் சேரும். கல்யாணப் பேச்சு எடுத்து இந்த இரண்டு வீடும் முதன்முதலாக உட்கார்ந்த அன்று, பெரியவர்கள் மும்முரமாகப் பேசிக்கொண்டிருக்க, சின்னவள் மில்லி சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்தபடி இருந்தாள்.

"பச்சை மேல சிவப்பு எழுத்து," என்றாள் கல்யாணப் பெண் மெதுவாக.

"கண்ணு வலிக்குதுல்ல?" என்றாள் மில்லி.

மாப்பிள்ளையைப் பிடித்ததோ இல்லையோ, நாத்தனாரைப் பிடித்துவிட்டது. கல்யாணமான மறு வருஷமே இரண்டு பேரும் சேர்ந்து ஆபீஸ் போட்டார்கள். சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்று பேச, ஒன்று வரைய. கீழே இஸ்திரிப் பெட்டி சீறினால் மேலே தரை சுடும். சுவரில் ஒட்டிய தாளெல்லாம் மதியத்துக்குள் காதைச் சுருட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் மட்டும் அந்தச் சூட்டுக்காகவே வாடிக்கையாளர்கள் எழுந்து போக மாட்டார்கள்.

சோப்பு உறை, கடைப் பலகை, கேக் டப்பா, மருந்துச் சீசாவுக்கு லேபிள் என்று வேலை வந்தது. மில்லி வரைவாள், அண்ணி பேசுவாள். பேசுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒருவர் வந்து, "கொஞ்சம் பளிச்சுனு, ஆனா அடக்கமா இருக்கணும்" என்பார். இன்னொருவர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, என் மச்சானுக்குக் காட்டிட்டு வர்றேன்" என்று போவார். அந்த மச்சானுக்கு எப்போதும் நீலம்தான் பிடிக்கும். இதற்கெல்லாம் ஈடு கொடுத்துத்தான் அண்ணி ஒரு வழக்கம் கொண்டுவந்தாள்.

யார் வந்தாலும் மூன்று டிசைன் காட்டுவார்கள். ஒன்று, மில்லி உயிரைக் கொடுத்து வரைந்தது. அதற்கு மாப்பிள்ளை என்று பேர். இன்னொன்று, யாரும் குறை சொல்ல முடியாத, யாருக்கும் நினைவிலும் நிற்காத டிசைன். அது பெரியப்பா. மரியாதைக்கு ஒருத்தர் வேண்டாமா? மூன்றாவது, அண்ணி கைக்கு வந்தபடி கிறுக்குவது. அது மாப்பிள்ளைத் தோழன். பக்கத்தில் அவன் நின்றால்தான் மாப்பிள்ளையின் மூக்கு எடுப்பாகத் தெரியும். மூன்று அட்டையையும் துணி போட்டு மூடி வைத்து, முதலில் தோழனைத் திறப்பார்கள். பார்க்கிறவர் முகம் சுளிப்பார். பிறகு பெரியப்பா. ஒரு கொட்டாவி. கடைசியில் மாப்பிள்ளை. "இதுதாங்க, இதுதான்!" என்று நாற்காலி முனைக்கே வந்துவிடுவார். இத்தனை வருஷத்தில் தோழனை ஏறெடுத்துப் பார்த்தவர் கிடையாது.

குடைக்காரம்மா வருகிற வரைக்கும்.

அந்த அம்மா குடைத் தொழிற்சாலைக்கு முதலாளி. விரல் எல்லாம் கம்பி கீறிய தழும்பு. அந்த ஆபீஸ் அதுவரைக்கும் பார்த்ததிலேயே பெரிய வேலை அது. ஊர் ஊராகக் கடைகளில் தொங்கப்போகிற போஸ்டர். மில்லி வீட்டுக்குப் போவதையே மறந்து வரைந்தாள். நீலச் சாயங்காலம், ஈரத் தெரு, விளக்கு வெளிச்சம் தண்ணீரில் உடைந்து கிடக்க, நடுவில் ஒரே ஒரு கறுப்புக் குடை ராஜா மாதிரி. மழைச் சாரலின் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக இழைத்து வைத்திருந்தாள். பார்த்த அண்ணிக்கே பேச்சு வரவில்லை.

"என்ன, வாயே திறக்கல?"

"திறந்தா கண்ணு பட்டுடும்டி. போ, நான் தோழனைப் போடறேன்."

குடைக்காரிக்குப் பிடிக்கவே பிடிக்காதது எதுவென்று அண்ணி யோசித்தாள். தடித்த பேனாவை எடுத்தாள். காற்றில் தலைகீழாகத் திரும்பி, தாமரைப்பூ மாதிரி வானத்தைப் பார்த்து விரிந்துவிட்ட குடை. அதைப் பிடித்துக்கொண்டு தொப்பலாக நனைந்து, முடியெல்லாம் முகத்தில் ஒட்டி, வாயைப் பிளந்து சிரிக்கிற குண்டுப் பொம்பளை. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

மில்லி பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, இதைத் திறந்ததும் அந்தம்மா செருப்பைத் தேடப்போகுது."

குடைக்காரம்மா வந்தாள். துணியை விலக்கினார்கள். தோழனைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். பெரியப்பாவைத் திறந்தபோதும் சிரிப்பு நிற்கவில்லை. மாப்பிள்ளையைத் திறந்தபோது, "ம், அழகா இருக்கு," என்று சொல்லிவிட்டு, விரலைத் தோழன் பக்கமே நீட்டினாள்.

"இதையே போட்டுடுங்க."

"அம்மா, அது வந்து... சும்மா ஒரு..." என்று அண்ணி இழுத்தாள்.

"சும்மாவோ என்னவோ, எனக்கு இது போதும்."

குடைக்காரம்மா படியிறங்கிப் போகும்போதுகூட அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே மில்லி மாப்பிள்ளைக்குத் துணியைப் போர்த்திச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"என்ன மில்லி..."

"ஒண்ணுமில்ல மேடம்."

மேடம்! கல்யாணமானதிலிருந்து அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அண்ணிக்கு அப்படி வலித்திருக்காது.

அதற்குப் பிறகு எல்லாம் மேடம்தான். "மேடம், அச்சகத்துலேர்ந்து போன்." "மேடம், சாவி மேசை மேல." மதியச் சாப்பாட்டைத் தனியாக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். புருஷன் பாடு அதைவிட மோசம். "பஸ்ஸில நான் ஒருத்தன்தான் ஹாரன் அடிப்பேன். வீட்டுக்கு வந்தா ரெண்டு பக்கமும் அடிக்கிறீங்க," என்று ஒருநாள் தட்டை நகர்த்தினார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிற பெரிய விளம்பரக் கம்பெனி மில்லியைக் கூப்பிட்டிருக்கிறது. தனி அறை, கீழே உதவிக்கு ஆட்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"போறேன்னு சொன்னாளா?"

"சொல்லல. ஆனா ஷூ வாங்கியிருக்கா."

மில்லி இல்லாவிட்டால் அந்த ஆபீஸ் என்ன? ஆள் கூப்பிடுகிற வாசல் மட்டும் மிஞ்சும். உள்ளே நாடகம் இருக்காது.

மறுநாள் காலையிலேயே குடைத் தொழிற்சாலைக்குப் போனாள். கம்பி அறுக்கிற சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். மாப்பிள்ளை, பெரியப்பா, தோழன், ஒன்று விடாமல். "அது தோக்கறதுக்குன்னே போட்டதும்மா. தயவு செஞ்சு மாப்பிள்ளையை எடுத்துக்குங்க. என் நாத்தனார் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவா."

குடைக்காரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "மூணு காட்டினா அதுல ஒண்ணு சும்மான்னு தெரியாமலா நான் வியாபாரம் பண்றேன்? நானும்தான் நல்ல குடைக்குப் பக்கத்துல ஒரு சப்பைக் குடையைத் தொங்கவிடறேன்."

"அப்போ தெரிஞ்சேதான் எடுத்தீங்களா?"

"இங்க பாரும்மா. உன் நாத்தனார் போட்ட மாப்பிள்ளை லட்சணமானவன். ஆனா அவன் எந்தக் கடைக் குடைக்கும் மாப்பிள்ளையாப் போவான். எல்லாக் குடைக்காரனும் எங்க குடை திரும்பாது திரும்பாதுன்னு சத்தியம் பண்றான். காத்தடிச்சா எது திரும்பாது? என் குடையும் திரும்பும். ஆனா ஒரு உதறு உதறினா பழையபடி வந்து நிக்கும். கம்பி உடையாது. இதை வெளியில எப்படிச் சொல்றதுன்னு எனக்கு வார்த்தை வந்ததே இல்ல. நீ விளையாட்டுக்குப் போட்டு வச்சிட்டே." மேலே கொக்கியில் தொங்கிய ஒரு குடையை எடுத்து அண்ணி கையில் திணித்தாள். "இதைக் கொண்டுபோய்க் குடு உன் கோவக்காரிகிட்ட."

வழி நெடுக அண்ணி யோசித்துக்கொண்டே வந்தாள். சொன்னதில் பாதியை முழுங்கிவிடலாம். 'குடைக்காரிக்கு ரசனை பத்தாது' என்று சொன்னால் மில்லி மனசு ஆறும். ஆள் நின்றாலும் நிற்பாள். வாசலில் ஆள் கூப்பிட்ட தாய்மாமன் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் மில்லியிடம் அரை மில்லி கூடக் கூட்டிக் குறைத்துப் பேச முடியாது. கண்டுபிடித்துவிடுவாள்.

அதனால் நின்றபடியே முழுசாகச் சொன்னாள். 'எந்தக் கடைக் குடைக்கும்' என்ற வார்த்தையையும் விடவில்லை. அதைக் கேட்டதும் மில்லியின் காது சிவந்தது. கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினாள். கூராக இருந்த பென்சில்தான். பிறகு தன் படத்தைச் சுவரிலிருந்து திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்தக் குடை நிஜமாவே உடையாதா?"

"அந்தம்மா சொன்னாங்க."

"சொன்னா ஆச்சா? பொய்யை நான் வரைய மாட்டேன்."

வெளியே காற்றும் மழையுமாக அடித்துக்கொண்டிருந்தது. மில்லி குடையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். புது ஷூவோடு. அண்ணி பின்னாலேயே ஓடினாள். மாடியில் நடுவில் போய் நின்று காற்றுக்கு எதிராகக் குடையைக் காட்டினாள் மில்லி. டப்பென்று திரும்பியது. தண்ணீர் குடம் கவிழ்த்த மாதிரி தலையில் கொட்டியது. ஓர் உதறு உதறினாள். வந்து நின்றது. மறுபடியும் காட்டினாள், மறுபடியும் திரும்பியது, மறுபடியும் உதறினாள். எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. ஒரு கட்டத்தில் காற்று அவளையே இரண்டடி இழுத்துக்கொண்டு போக, "ஐயோ ஐயோ!" என்று கத்தினாள். கத்தல் பாதியில் சிரிப்பாக மாறியது. வாயைப் பிளந்து, முடியெல்லாம் முகத்தில் ஒட்டி. கீழே சலவைக்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனார்.

"இறங்கி வாடி, காய்ச்சல் வரும்!"

"இருங்க, அந்தக் கம்பி எப்படி வளையுதுன்னு பாத்துக்கறேன்!"

சொட்டச் சொட்டப் படியிறங்கி வந்தவள், அண்ணி போட்ட தோழனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "எட்டுக் கம்பிக்கு ஆறுதான் போட்டிருக்கீங்க. வளைவு எல்லாம் தப்பு. கைப்பிடியைப் பாருங்க, பூசணிக்கா காம்பு மாதிரி. இந்தச் சிரிப்பு மட்டும் சரியா இருக்கு. அதைத் தொடமாட்டேன். தள்ளுங்க." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அண்ணி தள்ளி நின்றாள்.

மேசை மேல் போன் அடித்தது. மில்லி இடது கையால் எடுத்தாள். கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள்தான்.

"ஆமாங்க... யோசிச்சேன். இல்லீங்க, வரல... அதெல்லாம் ஒரு குறையும் இல்லீங்க, நீங்க கூப்பிட்டதே பெருமை." பென்சில் தாளில் நகர்ந்துகொண்டே இருந்தது. "காரணமா? எங்க அண்ணிக்குக் குடை வரையத் தெரியாதுங்க. இங்க ஒரு ஆள் வேணும்."

போனை வைத்தாள். ஏலம் விட்டவள் மகள் வாயைத் திறந்தாள்.

"அப்புறமா பேசிக்கலாம் அண்ணி. முதல்ல துண்டைக் குடுங்க, தாள்ல சொட்டுது."