அந்தோனியாரிடம் கள்ளியைக் காட்டச் சொன்னேன்

அந்தோனியாரின் அன்பர்களே, பல்கலைக்கழகத்தில் என் பெயர் நாறிப்போன நாட்களில் அவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

நான் குருநகர்ப் பெண். கணினி படிக்கிறேன். தவக்காலத்தில் எங்களுக்கு ‘எலிப்டிக் கேர்வ்’ என்ற வளைகோட்டுக் கணக்கால் செய்திகளுக்குக் கையொப்பமிடப் படிப்பித்தார்கள். ஆளுக்கொரு இரகசியச் சாவி. அது ஒரு பெரிய எண். அது தெரியாமல் ஒருவரின் கையொப்பத்தை மற்றவர் போடமுடியாது. வகுப்புப் பிரதிநிதியான நான் அறிவித்தல்களை அப்படித்தான் அனுப்பினேன்.

ஒரு வியாழக்கிழமை, “நாளைக்குச் சோதனை இல்லை” என்று என் கையொப்பத்துடன் ஒரு செய்தி போயிருந்தது. சத்தியமாக நான் அனுப்பவில்லை. பாதி வகுப்பு சோதனைக்கு வரவில்லை. பழி என் தலையில். புதன்கிழமைக்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் வகுப்புத் தடை என்றார்கள்.

சாவியைக் களவெடுத்தது யார்? சாவி என் லாப்டொப்பில் இருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவள் கொடிகாமத்துத் தர்சினி ஒருத்திதான். அவள் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். தேத்தண்ணி வாங்கித் தந்தாள். குற்ற மனசுதான் வாங்கித் தருகிறது என்று நினைத்தேன். அவள்மேல் முறைப்பாடு எழுதினேன். என் உண்மையான கையொப்பத்தைக் காட்ட, பழைய அறிவித்தல்கள் இரண்டைக் கையொப்ப எண்களோடு அதில் அச்சடித்தேன்.

செவ்வாய் நவநாளில் கோயிலுக்குப் போய், மன்றாட்டை எழுதி அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைப்பது எங்கள் வழக்கம். நான் அந்த முறைப்பாட்டையே கொண்டுபோனேன். “அந்தோனியாரே, கள்ளியைக் காட்டித் தாரும்” என்று அழுதேன். வைப்பதற்காகக் காகிதத்தை மடித்தபோது இரண்டு கையொப்பங்களும் அருகருகே வந்தன. இரண்டின் முதற் பாதியும் இலக்கத்துக்கு இலக்கம் ஒன்றாகவே இருந்தன.

அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக ஓர் எண்ணை எழுமாறாக, எவரும் ஊகிக்க முடியாதபடி எடுக்கவேண்டும். நானோ, திருநாளில் பங்குச் சுவாமி மந்திரித்த அப்பாவின் வள்ளத்து இலக்கத்தையே, ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் போட்டிருந்தேன். ஒரே எண்ணை இரண்டு தரம் போட்டால், அந்தக் கையொப்பங்களை வைத்தே எவரும் சாவியைக் கணக்குப் பண்ணி எடுத்துவிடலாம்.

முறைப்பாட்டை அங்கேயே கிழித்தேன். அடுத்த நாள் விரிவுரையாளரிடம் உண்மையைச் சொன்னேன். விளையாட்டாக அந்தக் கணக்கைச் செய்து, அந்தச் செய்தியை அனுப்பிய வகுப்பு மாணவன் ஒருவனும் பயந்துபோய் ஒத்துக்கொண்டான். தடை வரவில்லை.

தர்சினியிடம் எல்லாவற்றையும் அழுதழுது சொன்னேன்.

“ஓம், எனக்குத் தெரியும். லாப்டொப்பை என்னட்டையிருந்து மறைச்சு மறைச்சுத்தானே வச்சிருந்தனி.”

“பிறகேன் பக்கத்திலையே இருந்தனி?”

“நான் எழும்பிப் போயிருந்தா, நான்தான் கள்ளி எண்டு முடிவே கட்டியிருப்பாய்.”

இப்போதும் நான் சந்தேகப்பிராணிதான். ஆனால் முதலில் என் கணக்கைத்தான் சந்தேகிக்கிறேன். உங்களுக்கும் யார்மேலாவது சந்தேகமா? அந்தோனியாரின் காலடிக்குக் கொண்டுபோங்கள். கட்டாயம் காட்டித் தருவார். காட்டும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். எனக்கு அவர் என்னைத்தான் காட்டினார்.