இரண்டாவது ஜக்கற்

மச்சாள், நீ மேடையில் சொல்வது பொய். சிறுவயதில் உன்னுடைய இரண்டு குளிர் ஜக்கற்றுகளிலும் வெள்ளைப் பொடியன்கள்தான் வசைச்சொல் எழுதினார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறாய். சனம் கை தட்டுகிறது. இனவெறியைப் பற்றிப் பேச ரொறன்ரோவில் உன்னைவிட்டால் ஆளில்லை என்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அன்றும் எரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. ஊரிலிருந்து புதிதாக வந்து, ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில், மாமி வீட்டுப் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, இருந்தோம். மாமியின் மகளான நீ என்னைவிட ஐந்து மாதம்தான் மூத்தவள். ஆனால் மூன்று வருடம் முந்தி வந்துவிட்டாய். அந்த மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டாய்: ஆங்கிலம், ரீச்சர் சுருக்கிவிட்ட பெயர், கழுத்தோடு வெட்டிய தலைமயிர். பள்ளிக்கூடத்தில் உன்னை ஸ்பானியக்காரி என்று நினைத்தார்கள். நீ மறுக்கவில்லை. எனக்கோ எண்ணெய் வைத்து இழுத்த இரட்டைப் பின்னல்.

"உவளுக்கும் போன வருசம் உப்பிடித்தான் பின்னல். திடீரெண்டு வெட்டச் சொல்லி ஒரே அழுகை" என்றார் மாமி. அதையும் உன் செல்லம் என்றே எடுத்துக்கொண்டேன்.

குளிருக்கு உனக்குப் புதுச் சிவப்பு ஜக்கற் வந்தது. உன் பழைய நீலம் எனக்கு. அதன் முதுகில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு துணிப்பூ. "பூவைப் பிய்ச்சுப்போடாதை, என்ன?" என்றார் மாமி.

பாகிஸ்தான் எந்தத் திசையில் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. ஆனாலும் பஸ் தரிப்பில் எனக்குப் பெயர், பாகிஸ்தான்காரரை இழிவாகக் கூப்பிடும் 'பாக்கி'. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூன்று பொடியன்கள் என்னைப் பனிக்குள் தள்ளி, முதுகில் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் உன்னிடம், இவள் உனக்குச் சொந்தமா என்று கேட்டான்.

"நோ வே. ஐ டோன்ற் நோ ஹேர்" என்று சிரித்தாய். அவ்வளவு ஆங்கிலம் எனக்கு அப்போதே விளங்கும்.

வீட்டு வாசலில் ஜக்கற்றைக் கழற்றினேன். பூ பிய்ந்து தொங்கியது. அதன் கீழே, பிளீச் போட்டும் போகாத கறுப்பு மார்க்கர் எழுத்துகள். அதே சொல். நீயே எழுதி, பூவால் மூடி என் தலையில் கட்டிவிட்டாய் என்று நினைத்தேன். உன்னை யாரும் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் சிவப்பு ஜக்கற் கொழுவியில் தொங்கியது. உன் பையிலிருந்தே மார்க்கரை எடுத்தேன். முதுகில் பெரிதாக அந்த நாலு ஆங்கில எழுத்தையும் எழுதினேன். எழுதும்போது சந்தோசமாக இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

மாமி வேலையால் வந்து கண்டார். கத்தவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்துவிட்டார்.

"திரும்பவுமோ, பிள்ளை?"

நீ என் விரல்களைப் பார்த்தாய். கறுத்திருந்தன.

"ஓம் அம்மா. அவங்கள்தான்."

"வேற பள்ளிக்கூடம் மாத்துவமோ?"

"வேண்டாம். இதுக்கும் ஒரு பூ தைச்சுவிடுங்கோ."

அடி தப்பியது என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. 'திரும்பவுமோ' என்ற சொல் காதில் ஏறவே இல்லை. அந்தச் சனிக்கிழமை மாமி உன் ஜக்கற்றில் ஒரு மஞ்சள் பூ தைத்தார். என்னுடையதைவிடப் பெரிது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வருகிற ஞாயிறு மார்க்கம் நகரில் பேசப்போகிறாயாம். முன்வரிசையில் இருப்பேன். இரண்டாவது ஜக்கற்றில் எழுதியது யார் என்று மைக்கில் சொல். என் பெயரைச் சொல். பஸ் தரிப்பில் என்னைத் தெரியாது என்றவள் வீட்டில் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? அத்தனை பேருக்கும் முன்னால் பதில் சொல்.