நாங்க

திரைச்சீலை தைக்கும் கடையில் அம்மாவுக்கு வைத்த பெயர் ஜன்னல். அளவெடுக்கப் போகிற வீட்டில் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பாள். வீட்டுக்காரர் முகமெல்லாம் அப்புறம்.

அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்த ஒருவரோடு சில வருடப் பழக்கம். கடையில் அவருக்கு ஊசி என்று பெயர். சண்டை கிடையாது, சந்தேகம் கிடையாது. கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் "பார்க்கலாம்" என்பார். அதை நம்பி அம்மா வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள்.

ஊசி புது வீடு வாங்கினார். "நீயே வந்து அளவெடு" என்றார். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துணி வெட்டும் அக்கா விடுவாளா?

"என்னடி, உன் வீட்டுக்கு நீயே அளவெடுக்கப் போறியா? பழக்கதோஷத்துல கூலி கேட்டுத் தொலைக்காதே!"

"சும்மா இருங்கக்கா. இன்னும் ஒண்ணும் முடிவாகல."

வீட்டில் பெயிண்ட் வாசனை போகவில்லை. அம்மா ஸ்டூலில் ஏறி டேப்பைப் பிடித்தாள். கீழ்நுனியை ஊசி பிடித்துக்கொண்டார்.

"இந்த ரூமுக்கு எந்தத் துணி?"

"நாங்க தடிச்ச துணியா போடலாம்னு இருக்கோம். வெயில் நேரா அடிக்குது."

"நாங்கன்னா?"

"எங்கம்மா, தங்கச்சி, நான். உக்காந்து பேசினோம். ஏன்?"

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நாங்க மாடியில இருக்கோம், நாங்க நீலம் பார்க்கிறோம். தைப்பவளிடம் வேறு எப்படிச் சொல்வது? ஊசியும் 'நாம' சொல்லாதவர் இல்லை. நாம இப்படி நடக்கலாம், நாம படத்துக்குப் போகலாம். அன்றன்றைய சாயங்காலத்தைத் தாண்டி ஒரு 'நாம' உண்டா என்று யோசித்தாள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

வேண்டுமென்றே சொல்லியிருந்தால் சண்டை போடலாம். தானாக வாயில் வந்த சொல்லோடு என்ன சண்டை?

மீதி ஜன்னல்களையும் அளந்துவிட்டுத்தான் இறங்கினாள்.

"தைச்சு அனுப்பறேன். மாட்ட வேற ஆள் வருவாங்க."

"ஏன், நீ வரலையா?"

"இல்ல. இனிமே எதுக்கும் வரல."

"என்ன கோவம் உனக்கு?"

"கோவமெல்லாம் இல்ல. நீங்க பார்த்துப் பார்த்து வருஷம் ஓடிருச்சு. எனக்கு இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுது."

துணி வெட்டும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தைக்காடி?"

"அது போதும்க்கா."

அந்தத் துணியை அம்மாவே தைத்தாள். இடையிடையே மூக்கை உறிஞ்சினாள். தையல் கோணவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் கட்டிலருகே வந்து சொன்னார்: "நாங்க எங்களால முடிஞ்சதைச் செஞ்சுட்டோம்மா."

அவர் வெளியே போனார். அம்மா பக்கத்தில் நின்ற என் விரலைப் பிடித்தாள்.

"நாங்கன்னு சொல்லிட்டாங்க பாரு. நாம வீட்டுக்குக் கிளம்பலாம்."