மேல்மண் போன பிறகு

தங்கையின் பிரசவத்துக்குத் துணைக்குப் போய் நாலு நாள் கழித்துத் திரும்பியவள், தோட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இரண்டடி ஆழத்துக்கு மேல்மண்ணைக் காணவில்லை. செங்கல் சூளைக்காரர் லாரி லாரியாக அள்ளிப் போயிருந்தார். மிச்சம் கிடந்தது வெளுத்துப்போன கட்டாந்தரை.

"பொண்ணு படிப்புக்கு வேற வழி தெரியல. அடியிலயும் மண்ணு இருக்கேன்னு வித்துட்டேன்..." கணவர் இழுத்தார்.

"அது மண்ணாங்க? பாறைக்குத் தம்பி."



ஊரில் அவளைக் கீரைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் ஒரு கட்டுக் கீரைகூடத் தேறவில்லை. மழை பெய்தால் மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். முளை முட்டி முட்டி உள்ளேயே செத்துப்போகும். டிராக்டர் விட்டு உழுதால் தலை பெரிசுக்குக் கட்டிகள் புரண்டன. "கீரை விதைச்சியா, கல்லு விதைச்சியா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். அழுது என்ன ஆகப்போகிறது?

விவசாய அலுவலகத்திலிருந்து வந்தவர் ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றினார். டீ குடித்து முடித்த பிறகும் தண்ணீர் அப்படியே நின்றது.

"இதுல உயிரே இல்லம்மா. இலை, தழை, சாணி எது கிடைச்சாலும் போட்டுக்கிட்டே இருங்க."

"எத்தனை வருஷம் சார்?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனாள். தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சீராக்க எடுத்துக்கொண்டாள். பஸ் நிலையத்தில் தெரு கூட்டுகிற பெண் தினமும் சருகைக் குவித்து எரிப்பதைப் பார்த்து, எரிக்காமல் தரச் சொன்னாள். "குப்பைக்குக்கூட ஆள் வந்தாச்சா!" என்று சிரித்த அந்தப் பெண், மறுநாளிலிருந்து மூட்டை கட்டி வைத்தாள். கேன்டீனின் காய்கறித் தோலும் சைக்கிளில் வந்தது. தழையுரத்துக்காகச் சணப்பு விதைத்து, பூக்கும்போது அறுத்து மண்ணுக்குள் மடக்கினாள். பாத்தியில் கால் படாமல் ஓரமாகவே நடந்தாள், மண் மறுபடி இறுகிவிடும் என்று.

முதல் இரண்டு வருஷமும் மண்வெட்டி 'ணங்'கென்றுதான் எகிறியது. முழங்கால் வீங்கியது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கணவர் அவள் கையிலிருந்து மூட்டைச் சைக்கிளை வாங்கித் தள்ளத் தொடங்கினார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

நாலாம் வருஷம் சருகை விலக்கியபோது ஒரு மண்புழு நெளிந்தது. அதைத் திரும்ப மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

ஆறாம் வருஷம் பீன்ஸ் காய்த்தது. முதல் கூடை தெரு கூட்டுகிற பெண்ணுக்குப் போனது.

"மிச்ச இடத்தையும் ஆரம்பிப்போமா?" என்று கேட்டார் கணவர்.

வெளுத்துக் கிடந்த பக்கத்தைப் பார்த்தாள். "என்னால முடியாதுங்க. இது போதும்."

"அன்னிக்கு உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசையில் காய் பறிக்கக் குனிந்தார். அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.